பதினோரு ஜாயின்ட்

ஆய்வகக் குடியிருப்பு
18.6.2023

பிரியமுள்ள அக்கா ரஹீமுன்னிசாவுக்கு, தம்பி ஃபர்ஹானின் ஸலாம். இங்கே நானும் மச்சானும் சுகம். உனக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ரிப்போர்ட் டைப் செய்கிறவளுக்குத் தன் முதுகை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்க நேரமில்லை என்று மச்சான் சொல்லிச் சிரிக்கிறார்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று பார்க்காதே. இந்த மேட்டு நிலத்தில் டவர் சரியாகக் கிடையாது. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால் ஒரு கோடு வரும், போகும். வேலை நேரத்தில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

மச்சானை நான் இங்கே கூப்பிட்டபோது நீ தயங்கினாய். இப்போது நிம்மதியாக இரு. முதல் நாள் வெல்டிங் டெஸ்ட் பீஸ் கொடுத்தார்கள். எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த இன்ஜினியர் அதைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தார். “எந்த ஊர் ஆள்?” என்றார். “திருவொற்றியூர். மணலி கம்பெனிகளில் பத்தொன்பது வருஷம் ஆர்கான் வெல்டிங்” என்றேன். என் அக்கா வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. சொந்தக்காரரை உள்ளே நுழைத்தான் என்று பேச்சு வரும். மச்சானும் மற்றவர்கள் முன்னால் என்னை “சார்” என்றுதான் கூப்பிடுகிறார். தனியே இருக்கும்போது மட்டும் “மாப்ள”.

அந்தக் குழாயில் என்னதான் போகப்போகிறது என்று கேட்டிருந்தாய். ஒன்றும் போகாது, வெறும் லேசர் ஒளிதான். எங்கோ தூரத்தில் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி மோதும்போது, அண்டவெளியே அதிர்கிறது. அந்த அதிர்வு நூறு கோடி வருஷம் பயணம் செய்து பூமியைக் கடக்கும். கடக்கிற அந்தக் கணம் நீ, நான், குழாய் எல்லாமே துளி நீண்டு துளி சுருங்குவோம். அணுவின் கருவை ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு அளவுகூட இருக்காது. அதுதான் ஈர்ப்பலை. அதை ஒளியால் அளக்க வேண்டும். ஒளி போகும் வழியில் காற்று இருந்தால் எல்லாம் குழம்பிவிடும். எங்களுடையது முந்நூறு மீட்டர் நீளச் சோதனைக் கருவிதான். இதில் அலை பிடிபடாது. ஆனால் இதில் தேறுகிற முறைதான் பெரிய கருவிக்குப் போகும்.

இதையெல்லாம் மச்சானுக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப இன்னா மாப்ள, நான் பத்த வெக்கிற ஜாயின்ட்டுல ஊசி மொனை ஓட்டை இருந்தாலும் உன் அலை பூடும்?” என்றார். என் மாணவர்களுக்கு இது புரிய ஒரு செமஸ்டர் ஆகிறது.

ஜஸீமாவை நன்றாகப் படிக்கச் சொல். துஆவில் என்னை மறக்காதே.

உன் தம்பி
ஃபர்ஹான்


786
எர்ணாவூர்
30.6.2023

அன்புத் தம்பி ஃபர்ஹானுக்கு அக்கா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் மருமகளும் நன்றாக இருக்கிறோம். உன் கடிதம் வந்துசேர ஒன்பது நாள் ஆயிற்று. உன் அலை நூறு கோடி வருஷம் எடுத்துக்கொள்வதால் போஸ்ட்மேனை ஒன்றும் சொல்லவில்லை.

ஜஸீமா உன் கடிதத்தைப் பள்ளிக்கு எடுத்துப் போய் ப்ளஸ் டூ பிசிக்ஸ் டீச்சரிடம் காட்டினாளாம். இங்கே கன்டெய்னர் லாரி ஒவ்வொன்று போகும்போதும் ஷெல்ஃபில் டம்ளர்கள் நடுங்குகின்றன. “மாமாவோட மெஷினை நம்ம வூட்ல வெச்சா இன்னா ஆவும்மா?” என்று கேட்டுச் சிரிக்கிறாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் தொட்டிமேல் ஏறிப் பேசினார். குரல் சரியில்லை. என்ன என்று கேட்டேன். “பேஜாரு பண்றானுங்க ரஹீமா. குழாய் உள்ளார ஆர்கான் காஸ் வுட்டுக்கினுதான் வெளிய பத்த வெக்கணும். இல்லாங்காட்டி உள்பக்கம் கருகிப் பூடும். மேல பாத்தா வெள்ளி மாரி மின்னும், உள்ள கலீஜ். சிலிண்டர் தீந்துபோச்சு, வர்ற வரைக்கும் அப்டியே போடுன்றான் சூப்பர்வைசர். நான் எழுத்துல குடுக்கப் போறேன்” என்றார்.

இத்தனை வருஷத்தில் லீவ் லெட்டரைக்கூட நான்தான் எழுதித் தருவேன். அவரே பேனாவை எடுக்கிறார் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்கும். நீ அங்கே பெரிய இடத்தில் இருக்கிறாய். என்ன ஏது என்று கொஞ்சம் பார்.

நேரத்துக்குச் சாப்பிடு. அவரையும் சாப்பிட வை.

உன் அக்கா
ரஹீமுன்னிசா


ஆய்வகக் குடியிருப்பு
14.7.2023

அக்காவுக்கு ஃபர்ஹானின் ஸலாம். நாங்கள் இருவரும் நலம். உன் கடிதம் வந்த அன்றே மச்சானைக் கேன்டீன் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பேசினேன்.

அவர் சொல்வது தவறில்லை. ப்ராஜெக்ட் இன்ஜினியரிடமும் கேட்டேன். சிலிண்டர் சப்ளை தள்ளிப்போகிறது, என்றைக்கு வரும் என்று அவருக்கே தெரியவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் குழாயை மூடிப் பம்ப் ஓடிக் காட்ட வேண்டும். பாக்கி இருப்பது பதினோரு ஜாயின்ட்தான். வெளிப்பக்கம் இரண்டு முறை போட்டால் தாங்கும் என்கிறார் இன்ஜினியர். இந்தக் குழு திருப்தியாகப் போனால் என் வேலையும் நிரந்தரமாகும். ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறேன், உனக்கே தெரியும்.

மச்சான் எழுதிக் கொடுக்கிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். எழுத்தில் வந்தால் அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலுக்கு ஒரு மீட்டிங் என்று எல்லாம் நின்றுபோகும். “போடுங்க மச்சான், நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். “நீ சொல்றியா மாப்ள?”

“ஆமா.”

“அப்ப செரி.”

போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். ஆகவே நீ கவலைப்படாதே.

குர்பானி கறியில் எங்கள் பங்கை ஜஸீமா சாப்பிட்டிருப்பாள் என்று நம்புகிறேன். அவளுக்கு என் முத்தங்கள்.

ஃபர்ஹான்


786
எர்ணாவூர்
2.11.2023

தம்பி ஃபர்ஹானுக்கு அக்காவின் ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லையே? மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

திங்கட்கிழமை மதியம் நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் அவர் வாசலில் பையோடு உட்கார்ந்திருக்கிறார். சாவி இல்லாததால் காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார். எனக்கு ஒரு போன் செய்யவில்லை. “இன்னாங்க, சொல்லாம கொள்ளாம?” என்றேன். “வேலை முடிஞ்சிச்சு” என்றார். பள்ளி விட்டதும் ஜஸீமா ஓடி வந்து குழாய் எப்படி இருக்கிறது, மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். “மாமா நல்லா கீறாரு” என்றார். குழாயைப் பற்றிக் கேட்டதும் எழுந்து தொழப் போய்விட்டார்.

வேலை முடிந்து வரும் மனிதர் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாதா? கம்பெனியை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஒவ்வொரு ஷட்டவுன் வேலையும் முடிந்து வரும்போதும் பிரியாணிப் பொட்டலமும் கையுமாக வருவார். எதிர்வீட்டு உபைதுல்லா பாயைக் கூப்பிட்டு வைத்து ராத்திரி வரை கதையளப்பார். இந்த முறை பையைக்கூடப் பிரிக்கவில்லை. நான் பிரித்தேன். ஹெல்மெட் கண்ணாடியில் விரிசல் விட்டிருக்கிறது. யாரோ எறிந்ததா, இவரே எறிந்ததா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். டவர் இல்லை என்பாய், நாலு முறை மணி அடித்தது. எடுத்தாய். “அக்கா, மீட்டிங்” என்றாய், வைத்துவிட்டாய். மறுநாள் மூன்று முறை செய்தேன். ஆகையால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது.

அங்கே என்ன நடந்தது?

அக்கா
ரஹீமுன்னிசா


ஆய்வகக் குடியிருப்பு
28.11.2023

அக்காவுக்கு ஸலாம். சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

செப்டம்பர் கடைசியில் குழாயைச் சூடேற்றினோம். உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் போவதற்காக நாள்கணக்கில் அப்படிச் சூட்டில் வைத்திருப்பது வழக்கம். நான்காம் நாள் காற்று கசிய ஆரம்பித்தது. வெளியிலிருந்து ஹீலியம் வாயுவை அடித்து எங்கெங்கே என்று தேடினோம். பதினோரு இடம். பெரிய பம்ப் ஒன்று கெட்டுப்போயிற்று. குழு வந்து, பிரித்துப் போட்ட குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

விசாரணைக் கமிட்டி வைத்திருக்கிறார்கள். என்ன முடிவு எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தனி ஆள் யார்மேலும் பழி வராது என்றுதான் நினைக்கிறேன். மச்சானைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல். பருப்பொருள் அவ்வளவு சூட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை யாராலும் முழுதாகக் கணிக்க முடியாது.

ஃபர்ஹான்


786
எர்ணாவூர்
19.12.2023

தம்பி ஃபர்ஹானுக்கு ஸலாம். உயிரோடு இருக்கிறோம். புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தண்ணீர் வடிந்த பிறகும் அதில் கலந்து வந்த எண்ணெய் வடியவில்லை. சுவரில் ஒரு கறுப்புக் கோடு, எங்கே கை வைத்தாலும் பிசுபிசுப்பு. ஜஸீமா அரைப் பரீட்சைக்குப் படிக்கும் புத்தகங்களைக் கட்டிலின்மேல் அடுக்கி நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். நீ போன் செய்வாய் என்று அவள் எதிர்பார்த்தாள். போகட்டும்.

அவருக்கு ரிஜிஸ்தர் தபால் வந்தது. நீ சொன்னது தவறு, தனி ஆள்மேல்தான் பழி வந்திருக்கிறது. அலட்சியமாக வேலை செய்ததால் வெல்டர் அலி அக்பரை இனி எந்த வேலைக்கும் எடுப்பதில்லை என்று காண்ட்ராக்ட் கம்பெனி எழுதியிருக்கிறது. அதன் நகலை அவர்கள் வேலை எடுக்கும் எல்லாக் கம்பெனிகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். போன வாரம் மணலியில் ஒரு ஷட்டவுனுக்குக் கூப்பிட்டார்கள். விடிகாலையில் டிபன் கட்டிக்கொடுத்து அனுப்பினேன். கேட்டில் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்து, “பாய், உங்களுக்கு பாஸ் இல்ல” என்று சொல்லிவிட்டானாம். அந்தக் கேட்டில் அவருக்கு ஸலாம் சொல்லாத வாட்ச்மேன் கிடையாது. கட்டிய டிபனை அப்படியே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

இப்போது சாத்தாங்காட்டில் பழைய இரும்பு அறுக்கப் போகிறார். காஸ் கட்டரைப் பிடித்துக்கொண்டு கப்பல் தகட்டைத் துண்டு போடுகிற வேலை. ஒட்டவைத்துப் பழகிய கை.

தம்பி, நான் உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். காஸ் இல்லை என்று அவர் முன்பே சொன்னார், நான்தான் போடச் சொன்னேன் என்று ஒரு வரி எழுதி உன் டைரக்டரிடம் கொடு. ஒரே வரி. இதை உன்னிடம் கேட்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். “அவனை கேக்காத. அவன் வேலை பூடும். ஆறு வருசமா காத்துக்கினு கீறான்” என்றார்.

அவர் சொல்லை மீறித்தான் எழுதுகிறேன். பதில் போடு.

உன் அக்கா
ரஹீமுன்னிசா


786
எர்ணாவூர்
22.2.2024

ஃபர்ஹானுக்கு ஸலாம். இரண்டு மாதம் பார்த்தேன். பதில் வராது என்பதே பதில் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நாளாயிற்று.

எங்கள் சென்டருக்கு ஸ்கேன் எடுக்க வந்த எழில்மொழி என்று ஒரு வக்கீலம்மா, தொழிலாளர் கேஸ் பார்ப்பவர். அவரிடம் சொன்னேன். தகவல் சட்டத்தில் மனுப் போட்டு விசாரணை ரிப்போர்ட்டை வாங்கிவிட்டார். நாற்பத்திரண்டு பக்கம். வேலை முடிந்த பிறகு ஸ்கேன் ரூம் வாசலில் உட்கார்ந்து படித்தேன். நான் ரிப்போர்ட் டைப் செய்கிறவள். நடுவில் என்ன எழுதியிருந்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

“உள்ளே ஆர்கான் செலுத்துமாறு தெளிவாக அறிவுறுத்தியும் வெல்டர் தன் அலட்சியத்தால் செலுத்தவில்லை.” கீழே நாலு கையெழுத்து. நாலாவது, உறுப்பினர் செயலர். அந்த வளைந்த ‘எஃப்’ஐ நீ ஏழாம் வகுப்பில் பழகினாய். நோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். தேதி அக்டோபர் 27. முடிவு என்ன என்று தெரியாது என்று நவம்பர் 28இல் எனக்கு எழுதினாய்.

அவருக்குத் தெரியக் கூடாது என்று அந்தக் காகிதத்தைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள் சோறு போடும்போது அழுதுவிட்டேன். எடுத்துக் காட்டினேன். அவர் கையில்கூட வாங்கவில்லை.

“தெரியும். நான் அந்த ரூம்லதான் இருந்தேன்” என்றார்.

“இருந்தீங்களா?”

“என்னை கூப்ட்டு ஒக்கார வெச்சுதான் படிச்சாங்க. இங்கிலீசு. அவன் பேனாவை எடுத்துட்டு போடாம கீறான். எல்லாரும் அவனையே பாக்கறானுங்க. நான்தான் சொன்னேன், போடுங்க சார், லேட்டாவுதுன்னு.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா உனக்கு தம்பி இருக்க மாட்டான்.”

நாலு மாதம், ஃபர்ஹான். கேட்டில் திருப்பி அனுப்பினார்கள், சாத்தாங்காட்டில் தீப்பொறி பட்டுச் சட்டையெல்லாம் ஓட்டை, எதற்கும் வாய் திறக்கவில்லை. எனக்குத் தம்பி இருக்க வேண்டுமாம். அத்தா மௌத்தாகி நீ தகப்பனில்லாத பிள்ளையான பிறகு உன் காலேஜ் பாரத்தில் கார்டியன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். அன்று அவர் பேனாவை எடுத்ததும் போட்டார்.

உன் ஜூலைக் கடிதம் என்னிடம் இருக்கிறது. “நான்தான் வேண்டாம் என்றேன்” என்று நீயே எழுதியது. அதை எழில்மொழியிடம் கொடுக்கப்போகிறேன் என்று உன் மச்சானிடம் சொன்னேன். அவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

ரஹீமுன்னிசா


ஆய்வகக் குடியிருப்பு
17.3.2024

அக்காவுக்கு ஃபர்ஹானின் ஸலாம். நோன்பு தொடங்கிவிட்டது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

அந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. எழுதி வைத்திருந்ததில் கையெழுத்துப் போட்டேன். இரண்டும் வேறு என்று நீ நம்ப மாட்டாய். சிலிண்டர் இல்லாமல் வேலை நடந்தது என்று ஒப்புக்கொண்டால் நிர்வாகத்தின் குறை என்று ஆகும், குழு திட்டத்தையே நிறுத்தச் சொல்லும் என்றார்கள். ஒரு வெல்டரின் தவறு என்றால் அந்த ஜாயின்ட்டுகளை மட்டும் மாற்றினால் போதும். அறுபது மாணவர்கள் இதை நம்பி இருக்கிறார்கள் அக்கா. நான் மச்சானுக்கு வேறு வேலை வாங்கித் தந்துவிடலாம் என்று நினைத்தேன். குவைத்தில் இருக்கும் என் நண்பன் தவ்ஃபீக்கிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அவர் என் மச்சான் என்று இங்கே யாருக்கும் தெரியாது. அதுவும் ஒரு சிக்கல். இப்போது நான் வாய் திறந்தால், உறவை மறைத்துவிட்டுக் கமிட்டியில் உட்கார்ந்தான் என்பார்கள்.

ஜனவரியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். உனக்கு எழுத நினைத்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

திட்டம் ஒருமுறை நிமிர்ந்து நிற்கட்டும். பிறகு நானே சொல்கிறேன். சத்தியமாக.

உன் தம்பி
ஃபர்ஹான்


ஆய்வகக் குடியிருப்பு
25.8.2024

அன்பு அக்காவுக்கு ஸலாம். ஆறு மாதமாக நீ எழுதவில்லை. பெருநாளுக்கு அனுப்பிய துணிமணி திரும்பி வந்துவிட்டது. முகவரியில் ஆள் இல்லை என்று எழுதியிருந்தது உன் கையெழுத்து.

நீ எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஜூலை நடுவில் புதுக் காண்ட்ராக்டர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். பழைய ஜாயின்ட்டுகளை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடும் வேலை. இரண்டாம் நாள் நான் குழாய்ப் பக்கம் போனேன். ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். தோளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஹெல்மெட்டைத் தூக்கினார். தாடி இல்லை. கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘வெற்றி’ என்று பெயர். கன்னம் ஒட்டிப்போய், வேறு யாரோ போல் இருந்தார்.

“குட் மார்னிங் சார்” என்றார்.

நானும் குட் மார்னிங் சொன்னேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அப்படியே நடந்துவிட்டேன். அதன் பிறகு மூன்று வாரமும் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்.

இந்த முறை காஸ் தட்டுப்பாடு இல்லை. வேலை முடிந்து பத்து நாள் சூடேற்றினோம். குழாய் மூச்சு விடவில்லை அக்கா, துளி கசிவு இல்லை. கருவி காட்டிய அளவை நம்பாமல் இரண்டு முறை சரிபார்த்தோம். டைரக்டர் எல்லாரையும் கூட்டிப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். பெயர்களை மைக்கில் வாசித்தது நான். “வெல்டர் திரு. வெற்றி.” மச்சான் எழுந்து வந்தார், வாங்கிக்கொண்டார், போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இரண்டு பக்கம் எழுதிவைத்திருக்கிறேன். சிலிண்டர், மச்சான் சொன்னது, நான் சொன்னது, கையெழுத்து, இப்போது குழாயைக் காப்பாற்றியதும் அதே அலி அக்பர்தான் என்பது, எல்லாம். திட்டம் நிமிர்ந்துவிட்டது, இனி அதற்கு ஆபத்தில்லை. டைரக்டரிடம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கொடுக்கட்டுமா? உன் சம்மதம் வேண்டும். மச்சானிடமும் கேட்டுச் சொல். எனக்காக துஆ செய்.

என்றும் உன் தம்பி
ஃபர்ஹான்


786
எர்ணாவூர்
8.9.2024

ஃபர்ஹானுக்கு ஸலாம். நாங்கள் நன்றாக இருக்கிறோம். ஜஸீமா பி.காம். சேர்ந்துவிட்டாள். ஏன் பிசிக்ஸ் இல்லை என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

அவர் அங்கே வந்த கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். வெற்றி அவரோடு பத்து வருஷம் வேலை பார்த்தவன். புதுக் காண்ட்ராக்டர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். ட்ராயிங்கைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. நேரே இங்கே வந்தான். “அண்ணே, அதே எடம்ணே. என்னால அவ்ளோ சுத்தமா போட முடியாது. நீங்க போறீங்களா, என் பேர்ல?” என்றான். நான் கரண்டியை எடுத்துக்கொண்டு அவனை அடிக்கப் போனேன். இவர் அமைதியாக, “போறேன்” என்றார்.

“உங்களைத் துரத்துன எடத்துக்கா?” என்று கத்தினேன்.

“அது என் ஜாயின்ட் ரஹீமா. அறுத்து உள்ள பாத்தா கருகிக் கெடக்கும். எவன்டா போட்டான்னு சிரிப்பானுங்க. அத்த அப்டி வுட்டுட்டு என்னால கெடக்க முடியாது” என்றார்.

மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று தாடியை எடுத்தார். நிக்காஹ் நாளிலிருந்து நான் பார்த்த முகம் அது இல்லை. ஜஸீமா அவரைப் பார்க்காமலே காலேஜுக்குப் போய்விட்டாள். ஆய்வகக் கேட்டில் முகத்தைப் பார்க்கவில்லையாம், ஆதார் நம்பரைத்தான் பார்த்தார்களாம். மூன்று வாரமும் யாராவது “வெற்றி” என்று கூப்பிட்டால் முதல் தடவை திரும்ப மாட்டாராம். காது மந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் தொழுதிருக்கிறார்.

சான்றிதழைக் கொண்டுவந்து வெற்றி வீட்டில் கொடுத்தார். அவன் வேண்டாம் என்றான். “உன் பேர் போட்டுக் கீது, உன்னிதுதான்” என்று அவன் வீட்டு டிவிமேல் வைத்துவிட்டு வந்தார்.

“ஃபர்ஹானைப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். “பாத்தேன்.” “பேசினானா?” “அவனுக்கு வேலை கீது ரஹீமா. பெரிய வேலை.” நீ நடந்துபோனதைச் சொல்லவில்லை. அதை உன் கடிதத்தில்தான் படித்தேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இரண்டு பக்கம் என்ற இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நாளில் நான் அவரிடம் பயத்தைப் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். “ஐயோ, குடுத்துட்டானா? குடுக்க வேணாம்னு ஒடனே சொல்லு” என்றார். எழில்மொழியிடம் ஓடினேன். அவரும் அதைத்தான் சொன்னார். நீ அதைக் கொடுத்தால் விசாரணையைத் திறப்பார்கள். அலி அக்பரை அழைப்பார்கள். மூன்று வாரம் சோறு போட்ட கேன்டீன்காரன், கேட் வாட்ச்மேன், சான்றிதழ் கொடுத்தபோது எடுத்த போட்டோ, அத்தனையும் இருக்கிறது. வேறொருவன் பேரில், வேறொருவன் ஆதாரில், அரசாங்க ஆய்வகத்துக்குள் நுழைந்த ஒரு பாய். அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? வெற்றிக்கு மூன்று பிள்ளைகள். அவனையும் பிடிப்பார்கள். குழாய் பற்றி மட்டும் சொல், வந்ததைச் சொல்லாதே என்று எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டு பேரும் முடியாது என்றார்கள். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாலே முகம் தெரிந்துவிடும்.

டிசம்பரில் வெள்ளம் வடிந்த கையோடு ஒரு வரி எழுது என்று உன்னைக் கெஞ்சினேன். அன்று நீ எழுதியிருந்தால் அவர் மணலி கேட்டுக்குள் போயிருப்பார். தாடி இருந்திருக்கும். பெயர் இருந்திருக்கும். உனக்கு எது சௌகரியமோ அந்த நாளில் உனக்கு உண்மை வந்திருக்கிறது. வேலை நிரந்தரமான பிறகு, குழாய் நின்ற பிறகு, கை தட்டி முடிந்த பிறகு. அதற்கும் என் சம்மதம் கேட்கிறாய்.

சம்மதம் இல்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாதே. இதை நான் கோபத்தில் எழுதவில்லை, கெஞ்சித்தான் எழுதுகிறேன். அவரை விட்டுவிடு. சாத்தாங்காட்டில் இரும்பு அறுக்க அவருக்குப் பாஸ் தேவையில்லை.

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிடு. கிழித்ததை எனக்குத் தெரிவிக்க வேண்டாம்.

ரஹீமுன்னிசா அலி அக்பர்